முதல் கம்பத்துக்கு முன்னால்

கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். டிவி பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் மிக்ஸி மேல், காலையில் கோகிலாவோடு பேசிய பேச்சில் எதை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை, இப்போது திரையில் போட்டிருக்கிற எண் ஒன்றுகூடத் தெரியவில்லை, நீலக் கம்பங்கள் மட்டும் தெரிகின்றன. இடது ஓரத்தில் குட்டையாக ஒன்று, அதைவிடக் கொஞ்சம் உயரமாக இன்னொன்று, அப்புறம் கிடுகிடுவென்று ஏறி நடுவில் ஒன்று திரையின் மேல் விளிம்பை முட்டுகிற மாதிரி நிற்கிறது, அங்கிருந்து வருஷா வருஷம் இறக்கம்தான். நம்ம மாநகரத்துல புதுசா எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேர், வருஷ வாரியா பாக்கறோம் என்று டாக்டர் சிவரஞ்சனி சொல்கிறார். சின்ன வயது, முப்பத்து மூன்று இருக்கலாம், நான் ரத்தம் கொடுத்த வருஷம் இவர் ரெட்டை ஜடை போட்டுக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பார், ஆனாலும் பேசும்போது அந்தக் கம்பங்களின் மேல் கையை வைத்து வைத்துப் பேசுகிறார், ஏதோ பக்கத்தில் நிற்கிறவர்களின் தோளைத் தொடுகிற மாதிரி, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏசி பின்கழுத்தில் அடிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூட்டம், இதே இரண்டாவது மாடி, இதே சமோசா, இதே மூன்றாவது வரிசை, ஆஸ்பத்திரிக்காரர்கள், கல்லூரிக்காரர்கள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள், பத்திரிகையிலிருந்து இரண்டு பேர், அவர்களில் ஒருவர் கழுத்தில் கேமரா. பாதிக்கப்பட்டவர்கள் சங்கத்தின் சார்பில் நான். நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தின வரி என்னுடையது, சம்பூரணம் அம்மாள், ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை எத்தனையோ வருஷமாகப் பேசிப் பேசி அது எனக்குப் பள்ளிக்கூடத்துச் செய்யுள் மாதிரி ஆகிவிட்டது, வணக்கம், என் பெயர் சம்பூரணம், நான் இருபத்திரண்டு வருஷமாக எச்.ஐ.வி.யோடு வாழ்ந்துவருகிறேன், இந்த இடத்தில் ஒரு மூச்சு, முறையாக மாத்திரை சாப்பிட்டால் நீங்களும் நூறு வயது வாழலாம், இந்த இடத்தில் கைதட்டல். இன்றைக்கு அதைப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தலைவலி என்று சொல்லிவிடலாம். சொல்லலாம், யார் கேட்கப்போகிறார்கள்.

இரண்டாவது கம்பம் என்னுடையது. இரண்டாயிரத்து மூன்று. கண்ணாடி இல்லாமலே தெரியும், இத்தனை வருஷமாக எந்தத் திரையில் எந்த நிறத்தில் போட்டாலும் முதலில் அதைத்தான் தேடுவேன், பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் தன் முகத்தைத் தேடுகிற மாதிரி. அதற்குள் நான் இருக்கிறேன், என் பக்கத்தில் ரமீஜா இருக்கிறாள், சேலம் கோட்டைப் பகுதியைச் சேர்ந்தவள், ஒரே நாள் காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவள் யார் என்று எனக்குத் தெரியாது, என் மடியில் இரண்டு வயசுக் கோகிலா, அவளுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்திருந்தார்கள், ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா, உங்களுக்குத்தான் இருக்கு என்று சொன்னார்கள், நான் சிரித்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, ஐந்து நிமிடப் பேச்சில் அந்த இடத்தில் அழுதேன் என்றுதான் சொல்வேன், ஆனால் நான் சிரித்தேன், குழந்தைக்கு ஒண்ணுமில்லை என்பதற்குப் பிறகு சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தவளைப் பார்த்து ரமீஜா தனக்கும் நல்ல பதில்தான் வரும் என்று நம்பிவிட்டாளாம், பின்னால் சொல்லிச் சொல்லித் திட்டுவாள், பாவி, உன் மூஞ்சியப் பாத்துதான் நான் தைரியமா உள்ள போனேன். அவள் வெளியே வந்ததும் நேராக என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கோகிலாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். கொலுசு அழகா இருக்கு, எங்க வாங்கினீங்க என்று கேட்டாள். வாங்கல, அவங்கப்பா செஞ்சது என்றேன். அவர் என்ன பண்றாரு என்றாள். இல்லை என்றேன். எனக்கும் இல்லை என்றாள்.

அப்புறம் அந்த ரயில். இப்படி நினைக்கக்கூடாது, நினைத்தால் பாவம் என்று தோன்றுகிறது, செத்துப்போனவர்கள் இருக்கிற காலத்தை எப்படி நல்ல காலம் என்பது, ஆனால் இந்தக் கம்பங்கள் ஏறுகிற பக்கத்தைப் பார்த்தால் எனக்கு ரயில் ஞாபகம்தான் வருகிறது. இலவச மாத்திரை வந்த புதிதில் எங்கள் ஊரில் கிடையாது, மாதம் ஒரு முறை சென்னைக்குப் போய் வாங்கிவர வேண்டும், எட்டுப் பேர் சேர்ந்து போவோம், போகும்போது ஒருத்தரும் பேச மாட்டோம், திரும்பும்போதுதான், மத்தியானம் சென்ட்ரலில் ஏறினால் பொழுது சாயச் சேலம், அந்த ஐந்து மணி நேரம் எங்களுடையது. அது மாதிரி ஐந்து மணி நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், நான் தொட்ட துணியை யாரும் மடிக்க மாட்டார்கள், ரயிலில் ஒரே பொட்டலத்திலிருந்து எட்டுக் கை புளிச்சோறு எடுக்கும். ரமீஜா ஊறுகாயை என் வாயில் ஊட்டிவிடுவாள், பார்க்கட்டும் எல்லாரும் என்று உரக்கச் சொல்வாள், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும், யாரோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற கும்பல் என்று நினைத்திருப்பார்கள். டெய்லர் ஜெபமணி அண்ணன் எல்லார் டப்பாவையும் வாங்கி மூடியைத் திறந்து மாத்திரைக்கு மேல் பஞ்சை அடைத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் நடக்க நடக்கப் பைக்குள் கிலுகிலுவென்று சத்தம் வரும், வாசலில் நுழையும்போதே மாமியார் என்ன சத்தம் என்பாள். ஜோலார்பேட்டையில் வடை. மொரப்பூர் தாண்டினால் பேச்சு குறையும், ஊர் நெருங்க நெருங்க ஒவ்வொருத்தராக முகத்தை மாற்றிக்கொள்வோம், ரமீஜா முக்காட்டை இழுத்துவிடுவாள், ஜெபமணி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், சேலத்தில் இறங்கினால் யாரும் யாருக்கும் தெரியாதவர்கள், ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விடுவோம். ஜெபமணி அண்ணன் இரண்டே வருஷம்தான் இருந்தார், அவருக்கு மாத்திரை வந்து சேர்ந்தபோது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அடக்கத்துக்கு நாங்கள் ஏழு பேரும் போனோம், யார் என்று கேட்டதற்குத் துணி தைக்கக் கொடுத்தவர்கள் என்று சொன்னோம்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம், கனவைக் கிளப்பிவிடும். டாக்டரே சொல்வார், பயப்படாதீங்க, கனவு கொஞ்சம் பலமா வரும் என்று. சாதாரணக் கனவு இல்லை, நிறத்தோடு, வாசனையோடு, தொட்டால் சூடு தெரிகிற கனவு. ரயிலில் அதைத்தான் பேசுவோம், ரமீஜாவின் கனவில் ஒட்டகம் வந்து அவள் மாமியாரைத் தின்றுவிட்டுப் போகும், ஜெபமணி அண்ணன் கனவில் ஊரே நிர்வாணமாக வந்து அளவெடுக்க நிற்கும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நீ என்னடி கண்டே என்று என்னைக் கேட்பார்கள். நான் ஒன்றும் இல்லை என்பேன். என் கனவில் கோகிலாவின் அப்பா வருவார். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் குந்தி உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்துக் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருப்பார், கன்னம் உப்பியிருக்கும், நெருப்பு வெளிச்சத்தில் புருவ முடியெல்லாம் தெரியும், ஏறிட்டுப் பார்த்து, சோறு ஆச்சா என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பதினாறு வருஷம் அந்தக் கனவு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மருந்தை மாற்றினார்கள், நல்ல மருந்து, தலை சுற்றல் கிடையாது, வயிற்றுப் புரட்டல் கிடையாது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். கனவு நின்றுவிட்டது. பழைய மாத்திரையே கொடுங்கள் என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது. இப்போது மாத்திரை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிற மாதிரி ஆகிவிட்டது, ரயில் இல்லை, யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ரமீஜா பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள், மருமகளுக்குத் தெரியாதாம், போன் பண்ணாதே சம்பூரணம் என்று அவளே சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறோம், அதனால் பிரிந்துவிட்டோம்.

நடுவில் இருக்கிற இந்தப் பெரிய கம்பத்தைப் பாருங்க என்று டாக்டர் சொல்கிறார், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், நானும். இதைப் பார்த்து எல்லாரும் பயந்துடறாங்க, இந்த வருஷம்தான் நோய் ரொம்பப் பரவினதா நினைக்கிறாங்க, அப்படியில்ல, இந்த வருஷம்தான் எல்லாப் பக்கமும் பரிசோதனை மையம் திறந்தாங்க, அதனால வந்து பாத்தவங்க அதிகம், இது நோய் எவ்வளவுன்னு சொல்ற கம்பம் இல்ல, எத்தனை பேருக்குத் தெரிய வந்துச்சுன்னு சொல்ற கம்பம். இதை இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நானும் இத்தனை வருஷம் அந்தக் கம்பத்தைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன், அது ஏதோ நாங்களெல்லாம் சேர்ந்து செய்த குற்றம் மாதிரி நிற்கும், இப்போது பார்த்தால், அது உயரமாக இருப்பது அத்தனை பேர் கதவைத் தட்டி உள்ளே போனதால். டாக்டரின் கை வலது கோடிக்குப் போகிறது. கடைசிக் கம்பம். போன வருஷத்துது. அதற்கு முந்தினதைவிட ஒரு விரல் அளவு உயர்ந்திருக்கிறது, பல வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை, அதிலும் பாதிக்கு மேல் இருபத்தைந்து வயதுக்குக் கீழே. ஏறினது நோயா, இல்ல வந்து பாக்கறவங்களா, இன்னும் எங்களுக்குத் தெரியல, ரெண்டும் கலந்துகூட இருக்கலாம் என்கிறார் டாக்டர். அறையில் முணுமுணுப்பு. இருபத்தைந்து வயதுக்குக் கீழே. கோகிலாவுக்கு இருபத்து நாலு. அவளுக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அன்றைக்குக் கதவுக்குள் சொன்னதை இன்றைக்கும் மனசு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றாள், ஆபீசுக்குக் கிளம்பிவிட்ட உடை. ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்கம்மா என்றாள். தெரியும் கண்ணு, ஈரோட்டிலிருந்து பையன் வீட்டார் வருகிறார்கள், அதற்காகத்தான் புது விரிப்பு, புது டம்ளர். அவருக்குச் சொல்லிட்டேன், அவங்க அப்பா அம்மாவுக்கு இன்னும் சொல்லல, வந்து உன்னைப் பாத்துப் பேசிட்டுப் போகட்டும், அப்புறம் நானே சொல்றேன், அது வரைக்கும் மேடை ஏறாதம்மா, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம். அவள் கெஞ்சவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். எட்டாம் வகுப்பில் இவள் தோழி ஒருத்தி பேப்பரில் என் படத்தைப் பார்த்துவிட்டு இவள் பக்கத்தில் உட்காராமல் போனாள், மூன்று மாதம் தனி பெஞ்ச், என்னிடம் சொல்லவே இல்லை, டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. சரி கண்ணு, பேசல என்றேன். தோசை தீய்ந்துவிட்டது. அந்தத் தீய்ந்த வாசனை இன்னும் புடவையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. பேசாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை, பேசித்தான் என்ன கிழித்தேன், அதே செய்யுள், அதே கைதட்டல்.

முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துவிட்டார். தனசேகரன், தனியார் கல்லூரி ஒன்றின் நிர்வாகி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவார், வந்தால் உட்கார்ந்து கேட்பார், இப்படி எழுந்ததில்லை. பசங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு மேடம் என்கிறார், குரல் கொஞ்சம் நடுங்குகிறது. மாத்திரை இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சுக்கறாங்க. எங்க காலத்துல பஸ் ஸ்டாண்டு செவுத்துல மண்டையோடு போட்டு ஒட்டியிருப்பாங்க, அதைப் பாத்தே ஒழுங்கா இருந்தோம். மறுபடி அதைக் கொண்டுவாங்க, எல்லாக் காலேஜ் வாசல்லயும் ஒட்டுவோம், அச்சடிக்கறத நாங்க ஏத்துக்கறோம். நாலைந்து பேர் தலையை ஆட்டுகிறார்கள். கூட்டத்தை நடத்துகிற தலைமை அதிகாரி டாக்டரைப் பார்க்கிறார், டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், அதெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல சார், பயமுறுத்தினா, என்று தொடங்குகிறார், பயம் வேணும் மேடம் என்று இன்னொருவர் குறுக்கே. மண்டையோடு. கறுப்புத் தாளில் வெள்ளை மண்டையோடு, கண்குழியில் சிவப்பு, கீழே எய்ட்ஸ் வந்தால் சாவு என்று எழுத்து. பழைய பஸ் ஸ்டாண்டில் டீக்கடையை ஒட்டின சுவர். எனக்கு அந்தச் சுவரில் பெயர்ந்திருந்த காரைகூடத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆவணி. கோகிலா ஐந்து மாதம், என் இடுப்பில். அவர் கொலுசு எடுத்துக்கொண்டு மகாராஷ்டிரா பக்கம் போய் விற்றுவிட்டு வருகிற ஆள், போனால் ஒரு மாதம், இரண்டு மாதம், அந்தத் தடவை வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை, வாயெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது, எது சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை டாக்டர் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த ரத்தப் பரிசோதனை எடுத்துக்கோ, சீக்கிரம் போ. என்ன பரிசோதனை என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினோம், அவரே குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, நல்ல சட்டை போட்டு, சீட்டை மடித்து மேல் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம், அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான் ஆஸ்பத்திரி. டீக்கடைப் பக்கம் வந்ததும் நின்றார். போஸ்டர். எழுத்துக்கூட்டி அல்ல, ஒரே பார்வையில் படித்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள், யாரையும் பார்த்து அல்ல, சும்மா, இவனுங்களையெல்லாம் ஊருக்கு வெளிய கொண்டுபோய் வெக்கணும் என்று பக்கத்தில் இருக்கிறவனிடம் சொன்னான், அவனும் ஆமாம் என்றான், அவ்வளவுதான் நடந்தது. இவர் என் பக்கம் திரும்பினார். சம்பூ, வீட்டுக்குப் போயிடலாம் என்றார். ஏன் என்றேன். குழந்தைக்கு வெயில் ஆகாது என்றார். வெயிலே இல்லை அன்றைக்கு. நான் போகலாம் என்று இழுத்திருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சரி என்றேன், எத்தனையோ தடவை அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வார்த்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து சீட்டைப் பட்டறை நெருப்பில் போட்டார். ஐப்பசியில் போய்விட்டார். கொழுந்தனாரும் மூத்தாரும் மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

திரையில் முதல் கம்பத்துக்கு இடப்பக்கம் வெள்ளையாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதை நான் பார்த்ததே இல்லை, யார் வெள்ளையைப் பார்ப்பார்கள். என் கம்பத்தைத் தேடியிருக்கிறேன், ரமீஜாவை, ஜெபமணி அண்ணனைத் தேடியிருக்கிறேன், அவரை ஒரு நாளும் தேடவில்லை, ஏதோ ஒரு கம்பத்துக்குள் இருப்பார் என்று மனசு தானாக நினைத்துக்கொண்டுவிட்டது போல. அவர் எதற்குள்ளும் இல்லை. ரத்தம் கொடுத்தால்தானே கம்பம். சரிங்க, போஸ்டர் விஷயத்தை ஒத்துக்கறவங்க கை தூக்குங்க, முடிச்சிடலாம் என்று தலைமை அதிகாரி சொல்கிறார், கைகள் எழுகின்றன, ஒன்று, மூன்று, ஏழு, கோகிலாவின் குரல் ஒரு வாரம் என்கிறது, ஒரே ஒரு வாரம், நான் எழுந்து நின்றுவிட்டேன், எழுந்தது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"உங்க நேரம் கடைசியில இருக்கும்மா."

"அதுக்குள்ள முடிவு பண்ணிடுவீங்களே."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி கையைக் காட்டினார், பேசுங்கள் என்று.

"டாக்டரம்மா, அந்த முதல் கம்பம் எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ரெண்டும்மா."

"அதுக்கு முன்னாடி வெள்ளையா இருக்குதே, அங்க யாரும் இல்லீங்களா?"

டாக்டர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி நம்மகிட்ட பதிவு இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்காருங்க."

அதற்கப்புறம் செய்யுள் வரவில்லை. வணக்கம் வரவில்லை, இருபத்திரண்டு வருஷம் வரவில்லை, பஸ் ஸ்டாண்டு வந்தது, திருநீறு வந்தது, மடித்த சீட்டு வந்தது, குழந்தைக்கு வெயில் ஆகாது என்றது வந்தது, எதை முன்னால் சொன்னேன் எதைப் பின்னால் சொன்னேன் தெரியாது. "மண்டையோடு ஒட்டுங்க. ஒட்டினா அடுத்த வருஷம் அந்தக் கடைசிக் கம்பம் குட்டையாயிடும், நாமளும் கை தட்டுவோம். ஆளு குறைஞ்சிருக்க மாட்டாங்க ஐயா. பாதி வழியில வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாங்க." தூக்கியிருந்த கைகள் எப்போது இறங்கின என்று நான் பார்க்கவில்லை. தனசேகரன் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் கோபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"அப்ப என்னதாம்மா பண்றது? எங்க காலேஜ் பையன் ஒருத்தன் இருக்கான் அந்தக் கம்பத்துல. மூணாம் வருஷம். எங்கிட்ட வந்து சொன்னான். நான் திட்டிட்டேன். லீவு போட்டுட்டுப் போனவன் இன்னும் வரல, போன் எடுக்க மாட்டேங்கறான்."

"அவன் வீட்டுக்குப் போங்க சார். இன்னைக்கே போங்க. போஸ்டர எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். பேனாவை எடுத்தார், எழுதவில்லை, திரும்பப் பையில் வைத்தார். போஸ்டர் யோசனை கைவிடப்படுகிறது என்று அதிகாரி சொல்ல, ஓரத்து மேசையில் கூட்டக் குறிப்பு எழுதுகிற வரதராஜு தலையை நிமிர்த்தினார். எத்தனையோ கூட்டத்தில் நான் பேசினதை அவர் ஒரே வரியில் எழுதுவார், சம்பூரணம் அம்மாள் தன் அனுபவத்தைப் பகிர்ந்தார். "அம்மா, வீட்டுக்காரர் பேரு என்னங்க? குறிப்புல எழுதணும்." இத்தனை மேடையில் என் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அவர் பெயரைச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர், என் கணவர், அவர். "கந்தவேல்" என்றேன். "இனிஷியல்?" "பெ. பெரியண்ணன் மகன்." பெ. கந்தவேல் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார், நிதானமாக, எழுத்து எழுத்தாக, சரியா என்று நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார், கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை, சரி என்றேன்.

வெளியே வராந்தாவில் வெயில் சுட்டது, ஏசியில் இருந்து வந்த உடம்புக்கு இதமாக இருந்தது. கேமராக்காரர் பின்னாலேயே வந்து, அம்மா, உங்க படம் போடலாங்களா என்று கேட்டார், கேட்டாரே, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். இருங்க தம்பி, ஒருத்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்று ஓரமாகப் போய்க் கோகிலாவுக்குப் போன் போட்டேன். இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"பேசிட்டியா?"

நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "பேசிட்டேன் கண்ணு."

அவள் பக்கத்தில் ஆபீஸ் சத்தம், யாரோ எதற்கோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். திட்டட்டும் என்று காத்திருந்தேன். தனி பெஞ்ச் மூன்று மாதம் உட்கார்ந்தவள், திட்டலாம்.

"படம் வருமா?"

"நீ சொன்னா வராது."

"படம் வேண்டாம்மா." கொஞ்சம் விட்டு, "என்ன பேசினே?"

"உங்கப்பாவைப் பத்தி. பேரும் சொல்லிட்டேன், நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

அவள் நடக்கிற சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்து மூடியது, டோக்கன் சத்தம் நின்று ரோட்டுச் சத்தம் வந்தது.

"எங்கிட்ட நீ அவரப் பத்திப் பேசினதே இல்லையேம்மா. பெரியப்பா மஞ்சக்காமாலைன்னாரு. நான் கேக்கல. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கல. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கே."

"சாயங்காலம் வா கண்ணு, சொல்றேன்."

"இப்பச் சொல்லு. வெளிய வந்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமை..."

"அது கிடக்கட்டும்மா. அவங்ககிட்ட இன்னைக்கே நான் பேசிக்கறேன். வந்தா வரட்டும். நீ சொல்லு, எப்படி இருப்பாரு?"

கேமராக்காரருக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினேன், அவர் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். எங்கிருந்து தொடங்குவது. போஸ்டரிலிருந்து இல்லை, சீட்டிலிருந்து இல்லை, சாவிலிருந்து இல்லை, இவளிடம் அங்கிருந்து இல்லை.

"அவருக்குச் சிரிப்பு வந்துச்சுன்னா" என்றேன், "ஊதுகுழல் நழுவிக் கீழ விழுந்துடும்."

"அப்புறம்?" என்றாள் கோகிலா.